ஏழாம் கேள்வியும் என் தலையும்

புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் உங்களிடம் யாரோ என்னைப் பற்றி, "அன்ரி ஒரு பிழையும் விடாத ஆள்" என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். சொன்னது யாரென்று எனக்குத் தெரியும். அவருக்கு நேர்காணல் வேலை பழக்கியதே நான்தான்; ஒன்றையும் சரிபார்க்காமல் சொல்லாதே என்று அவருக்கு நூறு தடவையாவது சொல்லியிருப்பேன். அது அவர் காதில் ஏறவில்லை என்பது இப்போது தெரிகிறது. ஆகவே அந்தக் கதையை நானே உடைத்துவிடுகிறேன். ஒரு காலத்தில் நான் ஒரு பேட்டையின் கருத்து முழுவதையும் தலைகீழாக்கினேன். பொய் எழுதவில்லை, தாளைத் திருத்தவில்லை, சோம்பலும் படவில்லை. தலையை ஆட்டினேன், அவ்வளவுதான்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. தேசிய மருத்துவத் திட்டம் ஒன்று வருகிறது என்று நாடே வாதாடிக்கொண்டிருந்த நேரம். ரெயிலில் பேப்பர் விரித்தால் அதே பேச்சு, தொழிற்சாலை வாசலில் அதே பேச்சு. மருத்துவமனைகளுக்குப் புதிய இயந்திரங்கள் வேண்டும் என்று ஒரு கூட்டம். இயந்திரத்தை வாங்கி வைத்துவிட்டுத் தாதிமாரைக் குறைத்துவிடுவார்கள் என்று இன்னொரு கூட்டம். மக்கள் உண்மையில் என்ன நினைக்கிறார்கள் என்று வீடு வீடாகப் போய்க் கேட்டுவரும் பொறுப்பை ஒரு சிறிய ஆய்வு நிறுவனத்திடம் கொடுத்திருந்தார்கள். நான் அங்கே தற்காலிக நேர்காணலாளராகச் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. யாழ்ப்பாணத்தில் இருந்து கொண்டுவந்த புள்ளிவிவரப் பட்டத்தை இந்த ஊரில் மதித்த முதல் இடம் அது.

மதித்தவர் எங்கள் களப்பொறுப்பாளர். ஐம்பது வயது இருக்கும், உயரமான வெள்ளைக்காரப் பெண். குறைவாகப் பேசுவார். குடியேறி வந்த பெண்களை வாசலுக்கு அனுப்பினால் ஆட்கள் கதவு திறக்கமாட்டார்கள் என்று மேலிடம் சொன்னபோது, திறக்கிறார்களா இல்லையா என்று அனுப்பிப் பார்த்தால்தானே தெரியும் என்று சண்டை பிடித்து என்னையும் இன்னும் இரண்டு பெண்களையும் எடுத்தவர். மற்ற இருவரில் ஒருத்தி கிரேக்கப் பெண், மற்றவள் இத்தாலியப் பெண். நாங்கள் மூவரும் கெட்டித்தனமாக வேலை செய்தால்தான் அவர் வாதம் நிற்கும். இதை அவர் ஒருநாளும் எங்களிடம் சொன்னதில்லை. சொல்லாமலே எங்களுக்குத் தெரியும்.

எனக்குக் கிடைத்த பகுதி நோபல் பார்க்கும் டண்டினொங்கில் ஒரு மூலையும்; இரண்டும் நகரத்துக்கு வெளியே தொழிலாளர்கள் குடியிருந்த புறநகர்கள். நாங்களும் நோபல் பார்க்கில்தான் வாடகைக்கு இருந்தோம். கையில் பலகை, அதில் தாள்கள், பென்சில், அழிறப்பர். மற்றக் கேள்விகள் எல்லாம் சுலபம்; அட்டையைக் காட்டினால் அவர்கள் ஒன்றைத் தொட்டுக் காட்டுவார்கள், நான் குனிந்து வட்டமிடுவேன். ஏழாம் கேள்விதான் வேறு மாதிரி. உங்கள் பகுதி மருத்துவமனையில் புதிய இயந்திரங்கள் வாங்க எல்லோருடைய வரியும் கொஞ்சம் கூடினால் சம்மதமா என்று கேட்க வேண்டும். அதற்கு மட்டும் பொறுப்பாளர் தனியாகச் சொல்லியிருந்தார்: "இதில் அவர்களைப் பேச விடுங்கள். தாளைப் பார்க்காமல் முகத்தைப் பாருங்கள். கடைசியில் என்ன சொல்கிறார்களோ அதை எழுதுங்கள்."

நான் அப்படியே செய்தேன். முகத்தைப் பார்த்தேன், பேச விட்டேன். என்னவெல்லாம் சொன்னார்கள் என்று நினைக்கிறீர்கள். "இயந்திரம் என் கையைப் பிடித்துக்கொண்டு இருக்குமா?" என்று ஒருவர். தன் தொழிற்சாலைக்கு ஒரு புது இயந்திரம் வந்த கிழமையே பக்கத்துக் கதிரைகள் காலியாகிவிட்டன, மருத்துவமனையிலும் அதுதான் நடக்கும் என்று ஒரு பெண். மருத்துவமனைக் கணினிக்குள் என் நோய் வருத்தங்களை எழுதி வைத்தால் முதலாளி படித்துவிடமாட்டாரா என்று இன்னொருவர். படித்தவர்கள் மேசையில் இருந்து பேசுவதைவிட இந்த வாசல்களில் கேட்டது எனக்குப் பெரிய படிப்பு.

அந்த வாசல்களில் ஒன்றுதான் ஐரீனுடையது. பிஸ்கட் தொழிற்சாலையில் வேலை செய்த நாற்பது வயதுப் பெண். புருஷனுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. கிழமைக்கு மூன்று நாள் ரெயில் ஏறி நகரத்து மருத்துவமனைக்குப் போய், இரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரத்தோடு பகல் முழுவதும் கிடந்துவிட்டு, திரும்ப ரெயில் ஏறி வரவேண்டும். வரும்போது காலில் பலம் இருக்காது. ஒருமுறை நோபல் பார்க் ஸ்டேஷன் படியில் விழுந்து நெற்றியில் தையல் போட்டிருந்தார்கள். அப்படி ஒரு இயந்திரம் எங்கள் பகுதி மருத்துவமனைக்கு வருவதா இல்லையா என்பதும் அந்த ஆய்வைப் பார்த்துத்தான் முடிவாகும் என்று பேச்சு. ஐரீனின் தாளில் நான் எழுதியிருந்த பதில்: இல்லை.

அதை எழுதும்போது எனக்கே வியப்பாக இருந்தது. முதலில் வேண்டும் என்று சொல்லித் தொடங்கினாள். பேசப் பேசக் குரல் இறங்கியது. எங்கள் ஒரு வீட்டுக்காக ஊரெல்லாம் ஏன் வரி கட்டவேண்டும் என்றாள். கடைசியில், "இல்லை என்றே போடுங்கள்" என்றாள். கடைசியில் சொல்வதை எழுது என்பதுதானே விதி. அவள் தொடங்கும்போதே கை முந்தி ஓம் என்று போட்டிருந்த வட்டத்தை அழித்தேன், இல்லை என்பதற்கு வட்டமிட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை எல்லாத் தாள்களையும் ஒப்படைத்தோம். சுகாதார அலுவலகத்தில் இருந்து ஒரு அதிகாரி வந்திருந்தார். என் தாள்கட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு மிகவும் சந்தோஷப்பட்டார். "தொழிலாளர் குடியிருப்புகள் இயந்திரம் வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டன. நான் நினைத்தது இதுதான்," என்றார். பேப்பர்காரர்களும் அந்த மாதம் அதையேதான் எழுதிக்கொண்டிருந்தார்கள். வேண்டாம் என்பது வேறு எந்தப் பகுதியிலும் இவ்வளவு தெளிவாக வரவில்லை என்று என்னைத் தனியாகப் பாராட்டினார். எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. இதைக் கவனியுங்கள் பிள்ளைகள்: ஒரு முடிவு எல்லோருக்கும் பிடித்துவிட்டால் அதை யாரும் இரண்டாம் தடவை பார்ப்பதில்லை. பார்க்க வேண்டிய நேரம் அதுதான்.

நான் பார்த்ததும் தற்செயலாகத்தான். தாள்களை அடுக்கும்போது ஒன்று கை தவறி ஜன்னல் பக்கம் விழுந்தது. தூக்கி வெளிச்சத்தில் பிடித்தபோது ஏழாம் கேள்வியில் அழித்த வட்டத்தின் தடம் தெரிந்தது. அடுத்ததைப் பிடித்தேன், அதிலும் தெரிந்தது. பத்துப் பன்னிரண்டு தாள்களில் ஒரே இடத்தில் ஒரே மாதிரி: முதலில் ஓம், அழித்துவிட்டு இல்லை. மறுபக்கமாக, இல்லையில் இருந்து ஓமுக்கு மாறிய தாள் ஒன்றுகூட இல்லை. கிரேக்கப் பெண்ணின் கட்டை எடுத்துப் பார்த்தேன். அதில் அப்படி ஒன்றும் கிடையாது. என்ன கோளாறு என்று பிடிபடவில்லை. மனதில் முள் குத்தியபடி வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை என் கணவரோடு டண்டினொங் சந்தைக்குப் போனேன். மீன்காரர் நல்ல மீன் ஒன்றை எடுத்துக் காட்டி, இது சரிதானே என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். அவர் முகம் சுருங்க, மீனைத் திருப்பி ஐஸில் வைத்துவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார்.

"இஞ்சரும், அந்த மனுசன் மீனை வைச்சிட்டான்," என்று என் கணவர் சிரித்தார். "நீர் வேண்டாமெண்டு தலையை ஆட்டினீரெல்லோ."

"நான் ஓமெண்டுதானே ஆட்டினனான்."

"அது எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியுமே? இவங்களுக்குத் தலை பக்கவாட்டிலை போனால் இல்லையெண்டுதான். வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமை என்ரை போர்மன் கேட்டவன், நான் சொல்லுற எல்லாத்துக்கும் நீ ஏன் மறுப்புச் சொல்லுறாயெண்டு. அண்டு தொடக்கம் வேலையிலை நான் தலையை ஆட்டுறதில்லை. நீரும் வாயைத் திறந்து சொல்லும்."

ஏழாம் கேள்வியின் கோளாறு எனக்கு அப்போதுதான் பிடிபட்டது. நாம் எப்படிக் கேட்போம் என்று நினைத்துப் பாருங்கள். எதிரில் ஒருவர் மனம் விட்டுப் பேசினால் நம் தலை சும்மா இருக்காது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெல்லச் சாய்ந்துகொண்டே இருக்கும். கேட்கிறேன், விளங்குகிறது, சொல்லுங்கள் என்று அதற்கு அர்த்தம். ஏழாம் கேள்வியில் முகத்தைப் பார்த்துப் பேச விடு என்றார்கள். நானும் பார்த்தேன், அக்கறையாகக் கேட்டேன், கேட்கக் கேட்க ஆட்டினேன். வேண்டும் என்றவர்களுக்கு என் தலை மறுப்பாகத் தெரிந்திருக்கிறது. வேண்டாம் என்றவர்களுக்கு, ஆமாம், வேண்டாம்தான் என்று தெரிந்திருக்கிறது. எவ்வளவு அக்கறையாகக் கேட்டேனோ அவ்வளவு கெடுத்திருக்கிறேன்.

"மீன் வேண்டாமே?" என்று கணவர் கேட்டார். வேண்டாம், ஐரீன் வீட்டுக்கு விடுங்கோ என்றேன்.

ஐரீன் கதவைத் திறந்து என்னைக் கண்டதும், தான் ஏதோ பிழை செய்துவிட்டது போல நின்றாள். நான் சுற்றி வளைக்கவில்லை. அன்று முதலில் வேண்டும் என்றீர்கள், பிறகு ஏன் மாற்றினீர்கள் என்று மட்டும் கேட்டேன். கழுத்தை இரும்பு மாதிரி வைத்துக்கொண்டு கேட்டேன்.

"நீங்கள் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தீர்கள்," என்றாள். "நீங்கள் அரசாங்கத்தில் இருந்து வந்த ஆள். எங்களுக்கு ஆசை கூடிப்போய்விட்டது என்று நினைக்கிறீர்கள் என்று நினைத்தேன். எனக்கு வெட்கமாகிவிட்டது."

உள்ளே ஒரு கதிரையில் அவளுடைய புருஷன் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். அவர் நெற்றித் தழும்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு அழுகையும் வந்தது, என் மேலேயே கோபமும் வந்தது. வேலை போனாலும் போகட்டும், இதை இப்படி விடுவதில்லை என்று அந்த வாசலிலேயே முடிவெடுத்தேன்.

திங்கட்கிழமை பொறுப்பாளரின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். அறிக்கை மறுநாள் போகவேண்டும். எல்லாவற்றையும் சொன்னேன். தலையை எப்படி ஆட்டுவேன் என்று ஆட்டியும் காட்டினேன். அவர் பேனாவை வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"அதற்கு இல்லை என்று அர்த்தமில்லையா?"

"இல்லை. ஓம் என்று அர்த்தம். கேட்கிறேன் என்றும் அர்த்தம்."

"இரண்டு மாதமாக நான் சொல்வது எதுவும் உங்களுக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்," என்றார். சிரிக்கவில்லை. பிறகு எழுந்து ஜன்னலடிக்குப் போனார். "அழித்த தடங்கள் தெரிகின்றன என்கிறீர்கள். பழைய வட்டங்களையே திரும்பப் போட்டுவிடலாமே. ஒரு மணித்தியால வேலை."

உண்மையைச் சொல்கிறேன், சனிக்கிழமை முழுவதும் என் மனமும் அதையேதான் சொன்னது. ஐரீனுக்காக அப்படிச் செய்ய எனக்குக் கொள்ளை ஆசை. ஆனால் மாறியவர்கள் எல்லோரும் என் தலையைப் பார்த்துத்தான் மாறினார்களா? யோசித்து மாறியவர் ஒருவராவது இருக்கமாட்டாரா? தடமே இல்லாமல், என் தலையைக் கண்டு முதலிலேயே இல்லை என்றவர்களை எங்கே போய்த் தேடுவது? தெரியாமல் ஒருமுறை கெடுத்தது போதும், தெரிந்து இன்னொருமுறை கெடுக்கமாட்டேன் என்றேன். என் வீடுகள் அத்தனைக்கும் வேறு ஆள் போகவேண்டும். நான் போகக்கூடாது, ஏனென்றால் எனக்கு எந்தப் பதில் வேண்டும் என்று இப்போது எனக்குத் தெரியும்.

அவர் கதிரையில் உட்கார்ந்தார். "இதை நான் மேலே சொன்னால் என்ன சொல்வார்கள் தெரியுமா? வெளிநாட்டுப் பெண்களை எடுத்தால் இதுதான் நடக்கும் என்பார்கள். வேலை போவது உங்களுக்கு மட்டும் இல்லை. மற்ற இரண்டு பேருக்கும்தான்."

கிரேக்கப் பெண்ணுக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். என் நேர்மைக்கு அவள் வீட்டில் அடுப்பு அணைவதா? ஆனால் அங்கே நின்று யோசித்தபோது ஒன்று உறைத்தது. என் தலை பிறத்தியாருடைய தலை என்பதால்தானே கண்ணுக்குத் தெரிந்தது. இங்கே பிறந்தவர்கள் எதையும் ஆட்டாமலா கேட்டிருப்பார்கள்?

"எல்லாருடைய தாளையும் பார்ப்போம்," என்றேன். "இந்த ஊரில் பிறந்தவர்களுடையதையும்."

பார்த்தோம். இருவரும் ஜன்னலடியில் நின்று ஒவ்வொரு தாளாகப் பிடித்தோம். கிரேக்கப் பெண்ணின் தாள்கள் சுத்தம், இத்தாலியப் பெண்ணுடையவையும் சுத்தம். கடற்கரைப் பக்கம் போன ஒரு உள்ளூர்ப் பெண்ணின் கட்டில் அழித்த தடமே இல்லை. ஆனால் இல்லை என்ற பதிலும் இல்லை. ஒரு வாசலில்கூடவா மாற்றுக் கருத்து இருக்காது? பொறுப்பாளர் அந்தக் கட்டை முதல் தாளில் இருந்து இன்னொரு தடவை புரட்டினார். "நான் ஒருநாள் அவளோடு கூடப் போனேன்," என்றார் கடைசியில். "யாராவது ஓம் என்றால் 'லவ்லி' என்பாள். இல்லை என்றால் 'ஓ' என்பாள். எனக்கு அது காதிலேயே விழவில்லை. நானும் அப்படித்தான் பேசுவேன்."

அதிகாரிக்கு என் முன்னாலேயே தொலைபேசி எடுத்தார். தலையைப் பற்றியும் சொல்லவில்லை, லவ்லியைப் பற்றியும் சொல்லவில்லை. இரண்டு பகுதிகளில் எங்கள் கேட்கும் முறையில் பிழை இருக்கிறது, திரும்பக் கேட்கிறோம், ஒரு கிழமை வேண்டும் என்றார். மறுமுனையில் சத்தம் போடுவது எனக்குக் கேட்டது. "பிழையான அறிக்கை நாளைக்கே வேண்டுமென்றால் தருகிறேன், பிழையானது என்று முதல் பக்கத்தில் எழுதித் தருகிறேன்," என்று சொல்லிவிட்டு அவர் காத்திருந்தார். ஒரு கிழமை கிடைத்தது.

என் வீடுகளுக்குக் கிரேக்கப் பெண் போனாள். நான் காரில் இருந்து முகவரி சொல்லும் ஆளாகப் போனேன். இறங்கக்கூடாது, எட்டிப் பார்க்கவும் கூடாது என்பது நானே எனக்குப் போட்ட கட்டளை. ஐரீன் வீட்டு முன்னாலும் குனிந்துதான் இருந்தேன். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்திருந்ததை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். ஒரு வீட்டு வாசலில் ஒரு கிழவர் போட்ட சத்தம் அந்த வழியாகத்தான் வந்தது. "அன்றைக்கும் இல்லை என்றேன், இன்றைக்கும் இல்லை என்கிறேன். முதலில் தாதிகளைப் போடு, பிறகு இயந்திரத்தை வாங்கு. அந்தக் கறுத்தப் பெண் தலையை எப்படி ஆட்டினால் எனக்கென்ன?" பழைய வட்டங்களையே திரும்பப் போட்டிருந்தால் இந்த மனிதரின் வாயை நான் அடைத்திருப்பேன். அவர் தாளிலும் ஒரு தடம் இருந்தது. பென்சிலைத் தவறான இடத்தில் வைத்து நானே அழித்தது அது என்று கிரேக்கப் பெண்ணிடம் அவர் சொன்னாராம்.

புது முடிவு யாருக்கும் பிடிக்கவில்லை. வேண்டும் என்றவர்களே அதிகம், ஆனால் நிபந்தனையோடு: இயந்திரம் நகரத்தில் குவியக்கூடாது, எங்களுக்குக் கிட்ட வரவேண்டும், தாதிகளைக் குறைக்கக்கூடாது. கடற்கரைப் பக்கத்தில் வேண்டாம் என்ற குரல்களும் முதல் தடவையாக வெளியே வந்தன. அதிகாரிக்குத் தலைப்பு எழுத முடியாத முடிவு அது. மக்களின் கருத்து பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். ஒரு வரியில் அடங்கினால் சந்தேகப்படுங்கள்.

அறிக்கை போன பிறகுதான் ஐரீனிடம் போய், எங்கள் ஊரில் அந்தத் தலையாட்டலுக்கு ஓம் என்று அர்த்தம் என்று சொல்லிவிட்டு வந்தேன். எங்கள் மூவரில் யாருக்கும் வேலை போகவில்லை. என்னை மட்டும் மூன்று மாதம் வாசலுக்கு அனுப்பாமல் மேசை வேலையில் வைத்தார்கள். நேர்காணலாளர் கையேட்டில், பதில் கேட்கும்போது தலையை அசைக்காதீர்கள் என்று ஒரு வரி ஏறியது. இந்த நாட்டில் என் ஒருத்திக்காக இயற்றப்பட்ட ஒரே சட்டம் அது. பின்னாளில் கையேட்டை எழுதும் பொறுப்பு எனக்கே வந்தபோது அந்த வரியை எடுத்துவிட்டேன். அதற்குப் பதிலாக உங்கள் ஒவ்வொருவரையும் முதல் நாளே இரண்டு பேரின் முன்னால் இருத்தி, நீங்கள் கேட்கும்போது உங்கள் முகமும் கையும் வாயும் என்ன செய்கின்றன என்று அவர்களை எழுதச் சொல்கிறேன். அது ஏன் என்று உங்களில் பலர் முகம் சுளிக்கிறீர்கள். சுளிப்பதையும் அவர்கள் எழுதுவார்கள்.

இயந்திரம் வந்தது, இரண்டு வருடம் கழித்து. எங்கள் அறிக்கையால்தான் வந்தது என்று நான் சொல்லமாட்டேன். அதைச் சரிபார்க்க எனக்கு வழியில்லை. ஒருநாள் வேறொரு வேலையாக அந்த மருத்துவமனைக்குப் போனபோது புதுப் பகுதியின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஐரீன் உட்கார்ந்திருந்தாள். உள்ளே அவளுடைய புருஷன் படுத்திருந்தார், கையில் குழாய்கள், நெஞ்சில் விரித்தபடி பேப்பர். ரெயில் இல்லை, ஸ்டேஷன் படி இல்லை. முடிந்ததும் பத்து நிமிடத்தில் வீட்டுக்குப் போய்விடலாம்.

நான் பக்கத்தில் உட்கார்ந்து, "எப்படி இருக்கிறார்?" என்று கேட்டேன்.

ஐரீன் வாய் திறக்கவில்லை. என்னைப் பார்த்து, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெல்லச் சாய்த்து ஆட்டினாள்.